ஐம்பத்தேழா, அறுபதா? குத்துச்சண்டை பயிலப் புகும் பிள்ளைக்கு எந்த நிறை?

வெள்ளவத்தைக் கடற்கரையில், புகையிரதப் பாதையை அடுத்து, மாலை வேளைகளில் ஓடுவோர் பலர். தொந்தி கரைய ஓடுவோரும், வைத்தியர் சொன்னமைக்காக நடப்போரும் அவர்களுள் உளர். ஆயின் 2017ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை, உச்சி வெயில் எரிக்கும் நேரத்தில், மழைக்கோட்டு அணிந்து அவ்வழியே ஓடினான் பதினாறு வயதுப் பிள்ளையொருவன். வானத்தில் மேகம் ஒன்றுமில்லை. சிறிது தூரம் ஓடியதும் கண் இருண்டு மணலில் விழுந்தான். செவ்விளநீர் விற்பவர் ஒருவர் அவனைத் தூக்கி நிழலிற் கிடத்தி, முகத்தில் நீர் தெளித்து, வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தார். அப்பிள்ளை என் தமக்கையின் மகன்.

காரணம் அன்றிரவுதான் வெளிவந்தது. ஆறு மாதமாக அவன் கொட்டாஞ்சேனையில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்தான். முதற் போட்டி நெருங்கியது. அவன் வயதினருக்கு அப்போட்டியில் 57, 60, 63 கிலோ என வரம்புகள் இருந்தன. அவனது நிறையோ ஐம்பத்தொன்பதரை. "57இல் இறங்கு. உன் உயரத்துக்கு அங்கே எவனும் ஈடுகொடுக்க மாட்டான்" என்று மூத்த மாணவர் சிலர் தூபமிட்டனர். அன்று முதல் இரவுச் சோறு நின்றது. காலைப் பாண் காகங்களுக்குப் போயிற்று. இறுதியில் தண்ணீரும் குறைந்தது. என் தமக்கை பரீட்சைப் பயமென எண்ணிப் பிள்ளையார் கோயிலில் அருச்சனை செய்வித்தாள்!

இத்தகைய பிள்ளை வேறு வீடுகளிலும் இருக்கலாம் என்பதனாலேயே இதனை எழுத முற்பட்டேன்.

நிறைப் பிரிவு என்பது ஏன் ஏற்பட்டது? முற்காலத்துக் குத்துச்சண்டையில் எதிரெதிரே நிற்போரின் பருமனை எவரும் பொருட்படுத்தியதில்லை. 1867ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் குவீன்ஸ்பரி பிரபுவின் பெயரால் விதிகள் வெளியாயின. அதே ஆண்டு நடந்த அமெச்சூர் போட்டியில் இலேசு, நடுத்தரம், கனம் என மூன்று பிரிவுகள் வகுக்கப்பட்டன. பின்னர் அவை பெருகின. ஈயின் பெயரால் பிளைவெயிட், இறகின் பெயரால் பெதர்வெயிட், சிறு கோழியின் பெயரால் பாண்டம்வெயிட் எனப் பெயர்களும் வந்தன. அக்கோழிக்கு அப்பெயரைத் தந்தது யாவாத் தீவின் பாண்டம் துறைமுகம் என்பர். பெயர் எதுவாயினும் நோக்கம் ஒன்றே: ஒருவன் தலையில் விழும் குத்து, ஏறத்தாழ அவனளவு உடலுடைய ஒருவனிடமிருந்தே வரவேண்டும். இளைஞர் சிலர் இவ்வேலியையே ஏணியாக்கி, பெரிய உடலைச் சிறிய பிரிவுக்குள் நுழைக்க முயல்கின்றனர்.

தொலைக்காட்சியில் தோன்றும் தொழில்முறை வீரர்கள் அவ்வாறுதானே செய்கின்றனர் என்று என் மருமகன் வாதாடினான். அவன் அறியாதது ஒன்றுண்டு. தொழில்முறை வீரன் பெரும்பாலும் போட்டிக்கு முந்திய நாளிலேயே தராசில் ஏறுகிறான். பின்னர் ஓர் இரவும் பகலும் உண்டு குடித்து, இழந்த நீரைத் திரும்பப் பெறுகிறான். அருகில் வைத்தியர் இருப்பார். ஆண்டுக்கு இரண்டு மூன்று போட்டிகளே இருக்கும். அமெச்சூர் வீரனுக்கோ போட்டியன்று காலையிலேயே தராசு, அன்றே மேடை. வென்றால், அடுத்த போட்டியன்று காலையில் மீண்டும் தராசு. ஒருமுறை உடலை வற்றவைத்தவன் மறுமுறையும் வற்றவைக்க வேண்டும்.

இதன் கொடுமையை உலகம் முழுதும் கண்டது 2024இல், பாரிஸ் ஒலிம்பிக்கில். குத்துச்சண்டையில் அன்று, மல்யுத்தத்தில். ஆயினும் தராசு ஒன்றே. இந்திய வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் முதல் நாள் நிறை சரியாயிருந்து, அன்றே மூன்று போட்டிகளில் வென்று, இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். இரவு முழுவதும் உறங்காது உடற்பயிற்சி செய்தும், தலைமயிரைக் கத்தரித்தும், மறுநாட் காலையில் நிறை 100 கிராம் மிகுந்திருந்தது. தகுதி நீக்கப்பட்டார், பதக்கம் எதுவும் கிட்டவில்லை. உலகத் தரம் வாய்ந்த ஒருவர்க்கு, வைத்தியரும் பயிற்சியாளரும் சூழ இருந்தும் நேர்ந்தது இது.

அதனிலும் பெரிய துயரமும் நிகழ்ந்துள்ளது. 1997ஆம் ஆண்டின் இறுதியில், ஏறக்குறைய ஒரு மாத காலத்துள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர் நிறை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்தனர். வெப்ப அறையில் இருப்பதையும், இறப்பர் உடை அணிந்து வியர்ப்பதையும் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதன்பின் தடைசெய்தது. மழைக்கோட்டு அணிந்து ஓடுவதும் அதே வித்தைதான். வியர்வை ஆவியாகி உடல் குளிரவேண்டும். கோட்டு அதனைத் தடுக்கிறது. உடலுள் வெப்பம் ஏறுகிறது, குருதி தடிக்கிறது, இருதயம் விரைகிறது. தராசில் குறைவது கொழுப்பன்று, நீர். உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே ஆற்றல் தளரத் தொடங்கும் என்பர். என் மருமகன் குறைக்க எண்ணியதோ நூற்றுக்கு நான்குக்கும் மேல். நீர் வற்றிய நிலையில் தலையிற் குத்து வாங்குவது பேராபத்து. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை நாடுவோரும் உண்டு. அது ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் உள்ளது என்பதைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்கு நானும் தமக்கையும் சென்றோம். பயிற்சியாளர் வயது முதிர்ந்தவர். தமிழும் சிங்களமும் கலந்து பேசுபவர். நிகழ்ந்ததைக் கேட்டு அவர் அதிர்ந்து போனார். பழைய குறிப்புப் புத்தகமொன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். கிழமைக்கு இருமுறை நிறை. "சேர்ந்த முதல் இரண்டு மாதத்து நிறையை நான் கணக்கிலெடுப்பதில்லை, அம்மா. பயிற்சி தொடங்கியதும் சிலருக்குக் கொழுப்புக் குறையும், சிலருக்குத் தசை கூடும். அது ஓரிடத்தில் நின்ற பிறகுதான் பிரிவைப் பற்றிப் பேசவேண்டும்" என்றார்.

அவர் சொன்ன முறை எளியது. காலையில் எழுந்து, மலசலம் கழித்து, உண்ணுமுன், ஒரே தராசில் நிறுத்தல் வேண்டும். வெள்ளவத்தை மருந்துக் கடைத் தராசில் ஒருநாளும் நண்பன் வீட்டுத் தராசில் மறுநாளும் நின்றால் பயனில்லை. இரண்டு மூன்று கிழமைகள் எழுதிவந்து சராசரி காணவேண்டும். வயிறார உண்டு, தாகம் தீரக் குடித்து, நன்றாக உறங்குகின்ற உடலின் நிறையே அவனது நிறை. அதற்கு நேர்மேலே உள்ள வரம்பு எதுவோ, புதியவனுக்கு அதுவே பிரிவு. கீழ்வரம்புக்கு அரைக் கிலோவே மிகையாயிருந்து, அதுவும் பலகாரத்தாலும் சோடாவாலும் வந்ததாயின், போட்டிக்குப் பல கிழமைகள் முன்பே அவற்றை நிறுத்தினாற் போதும். வளரும் பிள்ளைக்கு அதற்குமேல் எதுவும் ஆகாது. மற்றொரு பிழையையும் அவர் சுட்டினார்: தண்ணீர் குடித்து நிறையேற்றி மேற்பிரிவில் வீரம் காட்டப் புறப்படுவோரும் உளராம்!

வரம்புகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடவர்க்கு எட்டுப் பிரிவுகள். 2024இல் பாரிஸில் ஏழு. 2025இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகப் போட்டியில் ஆடவர்க்கு 50 முதல் 90 வரை ஐந்து ஐந்து கிலோவாக வரம்புகள் இருந்தன. வயதுக்கு ஏற்பவும் அட்டவணை வேறுபடும். ஆகவே பழைய தாளை நம்பாது, எழுதிக் கொடுக்கும் முன் அவ்வப் போட்டியின் அட்டவணையைக் கேட்டறிதல் நன்று.

இலேசான உடல் இழிவென்று எண்ணும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இலங்கைச் சரித்திரமே விடை. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டிகளில் நம் நாட்டுக்கு முதற் தங்கத்தைத் தேடித்தந்த பார்ணி ஹென்றிக்கஸ் போட்டியிட்டது பெதர்வெயிட்டில், அதாவது 126 இறாத்தலுக்கு உட்பட்ட பிரிவில். 2018இல் அவுஸ்திரேலியக் கோல்ட் கோஸ்டில் பொதுநலவாயப் போட்டிகளில் குத்துச்சண்டையில் நமக்கு வெண்கலம் மூன்று; அவற்றை வென்ற அனுஷா கொடிதுவக்கு, திவங்க ரணசிங்க, இஷான் பண்டார ஆகியோர் முறையே 48, 49, 52 கிலோ பிரிவினர்.

அனுஷாவை அரையிறுதியில் வென்றவர் மணிப்பூரின் மேரி கோம். அவரது வரலாறு மறுபக்கத்தைக் காட்டும். 2012இல் பெண்களுக்கு முதன்முதலாக ஒலிம்பிக் குத்துச்சண்டை வந்தபோது பிரிவுகள் மூன்றே. அவருக்கு இயல்பான 48 அங்கில்லை. 51க்கு ஏறினார், தம்மிலும் பெரியவர்களோடு பொருதி வெண்கலம் பெற்றார். பல்லாண்டுப் பயிற்சியும் உலகப் பட்டங்களும் உடையவர் அவர். முதற் போட்டிக்குச் செல்லும் பிள்ளை அவ்வாறு ஏறவும் வேண்டா, இறங்கவும் வேண்டா.

என் மருமகன் 60இல் பதிவு செய்யப்பட்டான். போட்டியன்று காலையில் தராசு காட்டியது 59.4. தராசினின்று இறங்கியதும், தமக்கை கொண்டுவந்த வாழைப்பழத்தையும் பாணையும் உண்டான். அவன் வெல்லவில்லை. புள்ளிகளில் தோற்றான், எதிரி அவனிலும் தேர்ந்தவன். ஆயினும் மூன்றாம் சுற்றின் மணி ஒலிக்கும்வரை கால் தளராது நின்றான். மேடையிலிருந்து இறங்கி, "பசிக்கிறது மாமா" என்றான்.

அவ்வருடம் நத்தார் விடுமுறையில் நிறை அறுபத்தொன்றரை ஆயிற்று; உயரமும் ஓரங்குலம் கூடியிருந்தது. கொட்டாஞ்சேனைக் குறிப்புப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே 60 என்றிருந்ததை வெட்டி, 63 என்று எழுதினார் முதியவர். மறுநாட் காலையில் அவன் இடியப்பம் பன்னிரண்டு உண்டதாக என் தமக்கை தொலைபேசியிற் சொன்னாள், சொதியும் மிச்சமில்லையாம்.