நீர்நாய்க்கும் கரை வேண்டும்

நீந்துவதும் மீன் பிடிப்பதும்தான் தண்ணீரில்; மற்றதெல்லாம் கரையில். காவிரியில் கூட்டமாக மீனைத் துரத்தும் நீர்நாய், மணல்திட்டில் புரண்டு ரோமத்தை உலர்த்துகிறது. கரையோர வளையிலோ பாறை இடுக்கிலோ குட்டி போடுகிறது.

அதே கரையின் நீர்மருது மரங்களில் இன்னொரு குடித்தனம்: சாம்பல் நிற மலை அணில். உச்சிக் கிளையில் கூடு. பயணம் மரத்துக்கு மரம் தாவி. தரையில் இறங்குவது அபூர்வம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெயர் வாங்கித் தந்த இந்த அணில், இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இல்லை.

கர்நாடகத்தின் ஹனூர், 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் பகுதியைச் சேர்ந்தது. இதன் காடுகளும் அடங்கிய காவிரி வனவிலங்கு சரணாலயம் 1987இல் உருவானது. அதை ஒட்டித் தமிழகம் 2022இல் காவிரி தெற்கு சரணாலயத்தை அறிவித்தது. யானைகளுக்கு மாநில எல்லை கிடையாது. கோடையில் இரு பக்கத்திலிருந்தும் ஆற்றுக்கு வருகின்றன.

இந்தச் சரணாலயத்துக்குள்தான் வருகிறது மேகதாது அணைத் திட்டம். கர்நாடகம் கட்ட விரும்பும் இந்த அணையின் கொள்ளளவு 67 டி.எம்.சி. மூழ்கக்கூடியது சுமார் 5,000 ஹெக்டேர். பெரும்பகுதி சரணாலயக் காடு.

தண்ணீர் பெருகினால் நீர்நாய்க்குக் கொண்டாட்டம்தானே? இல்லை. தேக்கத்தில் மணல்திட்டும் வளையும் மூழ்கும். மருத மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போகும்; அணிலின் பாதை அறுந்துபோகும்.

இரு மாநிலங்களும் டி.எம்.சி. கணக்கில் வழக்காடுகின்றன. கரையின் கணக்கை இனிமேல்தான் எடுக்க வேண்டும்.