தங்கமா... தகரமா? மெட்டல் டிடெக்டர் காட்டும் எண்ணைப் படிப்பது எப்படி?

ஷாப்பிங் மால் வாசலில் மெட்டல் டிடெக்டர் 'பீப்' என்று கத்தினால், சாவிக்கொத்தையோ பெல்ட்டையோ காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எது கத்தவைத்தது என்பது உடனே தெரிந்துவிடும். அதே மாதிரிக் கருவியை மண்ணுக்கு மேல் பிடித்தால் கதை வேறு. சத்தம் வரும். ஆனால், கீழே இருப்பது தங்க நாணயமா, துருப்பிடித்த ஆணியா என்பது தோண்டினால்தான் தெரியும்.

பிரிட்டனில் ஆயிரக்கணக்கானோருக்கு இது விடுமுறை நாள் பொழுதுபோக்கு. அறுவடை முடிந்த வயல்களில், நில உரிமையாளரின் அனுமதியோடு, காதில் ஹெட்போனும் கையில் டிடெக்டருமாக மணிக்கணக்கில் நடப்பார்கள். ரோமானியர்கள், சாக்ஸன்கள், வைக்கிங்குகள் என்று அடுத்தடுத்துப் பலரும் வாழ்ந்த மண் அது. நாணயம், பொத்தான், மோதிரம் என்று எதையாவது ஒன்றை உள்ளே வைத்திருக்கும்.

புதிதாக டிடெக்டர் வாங்கியவர் முதலில் கற்க வேண்டியது நடப்பதையோ தோண்டுவதையோ அல்ல. ஸ்கிரீனில் தோன்றும் எண்ணைப் படிக்க! 'டார்கெட் ஐடி' என்று அதற்குப் பெயர்.

எண் எங்கிருந்து வருகிறது?

டிடெக்டரின் அடியில் வட்டமாக இருக்கும் பகுதிக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருள், மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால், அதற்குள் சிறு மின்னோட்டம் சுழல ஆரம்பிக்கும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதை இன்னொரு சுருள் பிடித்துக்கொள்ளும்.

அனுப்பிய சிக்னலுக்கும் திரும்பி வந்த சிக்னலுக்கும் இடையே மிகச் சிறிய தாமதம் இருக்கும். அந்தத் தாமதத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. வெள்ளி, செம்பு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் தடித்த பொருள்களுக்குப் பெரிய எண். மெல்லிய அலுமினியத் தாளுக்குச் சிறிய எண். இரும்பு ஆணி, எண் வரிசையின் அடிமட்டத்தில் இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி உலோகத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதில்லை. அதற்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. அதனால் உலோகம் எது என்பதோடு, அதன் அளவும் தடிமனும் வடிவமும் சேர்ந்துதான் எண்ணைத் தீர்மானிக்கின்றன.

சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். பழகியவர் காதுக்குச் சத்தம் நிறையச் சொல்லும். ஆனாலும் உடைத்தால்தான் உறுதி.

பழைய எண்ணை மறந்துவிடுங்கள்

எல்லா கம்பெனிக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 800 கருவியில் எண்கள் மைனஸ் 9 முதல் 40 வரை. காரெட் ஏஸ் 400 கருவியில் 99 வரை போகும். அமெரிக்காவின் 5 சென்ட் நாணயம் ஈக்வினாக்ஸில் 12, 13 என்று காட்டும். காரெட்டில் 50ஐ ஒட்டி வரும். நாணயம் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. பல வருட அனுபவம் உள்ளவர்கூட, புதுக் கருவி வாங்கினால் மறுபடி 'அ, ஆ' படிக்கத்தான் வேண்டும்.

தங்கமும் குப்பையும் ஒரே வரிசையில்!

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது குளிர்பான கேன்களில் இருந்து பிய்த்துப் போடப்பட்ட அலுமினிய வளையம். 1960களில் அமெரிக்காவில் பரவிய இந்த வளையங்கள், பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் இன்றும் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஒரு தங்க மோதிரம் காட்டும் எண்ணும் இந்த வளையம் காட்டும் எண்ணும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சில நேரம் ஒன்றாகவே இருக்கும். மெல்லிய தங்க மோதிரம் என்றால், சாக்லேட் சுற்றிய தாளின் எண்ணுக்கு இறங்கிவிடும்.

'குப்பை எண் வந்தால் தோண்ட மாட்டேன்' என்று முடிவெடுத்தால், குப்பையோடு சேர்த்துத் தங்கத்தையும் விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான்.

இரும்பும் வேஷம் போடும். சிறிய ஆணி ஒழுங்காகத் தன் எண்ணைக் காட்டும். ஆனால் குதிரை லாடம், ஓட்டை உள்ள வாஷர் போன்றவை சில நேரம் வெள்ளி நாணயத்தைப் போலப் பெரிய எண்ணைக் காட்டி ஆசை காட்டும். ஆழத்தில் கிடக்கும் பொருளின் எண் நிலையில்லாமல் குதிக்கும். நாணயத்துக்குப் பக்கத்தில் ஆணி கிடந்தால், ஆணியின் சிக்னல் நாணயத்தை மறைத்துவிடும். கடற்கரையில் உப்பு ஊறிய ஈர மணலே சில கருவிகளைக் கத்தவைத்துவிடும்.

பழகுவது எப்படி?

முதல் வேலை, கருவியோடு வயலுக்கு ஓடுவது அல்ல. வீட்டிலேயே தெரிந்த பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாணயம், மோதிரம், ஆணி, பாட்டில் மூடி, அலுமினியத் தாள்... ஒவ்வொன்றையும் சுருளுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்து, வரும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பிறகு தோட்டத்தில் வெவ்வேறு ஆழத்தில் புதைத்து மறுபடி பாருங்கள். காற்றில் காட்டிய எண், மண்ணுக்குள் எப்படி மாறுகிறது என்பது புரிந்துவிடும்.

வயலில் சத்தம் கேட்டால், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கால் வட்டம் சுற்றி வந்து, குறுக்காகவும் ஒருமுறை கருவியை வீசிப் பார்க்க வேண்டும். இரண்டு திசையிலும் எண் நிலையாக, சத்தம் தெளிவாக இருந்தால் தோண்டலாம். ஒரு திசையில் இனிமையாகவும் மறு திசையில் கரகரப்பாகவும் இருந்தால், இரும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பதே நல்ல பாடம். ஒவ்வொரு குழியும் ஓர் எண்ணுக்கு அர்த்தம் சொல்லித் தரும். தோண்டிய குழியை மூடிவிட்டு வருவது கட்டாயம்.

சுத்தியலைத் தேடியவருக்குக் கிடைத்த புதையல்

கருவி சொல்லாத இன்னொரு பாடமும் உண்டு. எப்போது தோண்டுவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் அது.

1992 நவம்பரில், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள ஹாக்ஸ்ன் கிராமத்தில், எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு ஒரு வயலில் நடந்தார். நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித் தருவதற்காக! கிடைத்ததோ ரோமானியர் காலத் தங்க, வெள்ளி நாணயங்கள். கொஞ்சம் எடுத்தவர், இது பெரிய விஷயம் என்று உணர்ந்ததும் நிறுத்திவிட்டார். உடனே அதிகாரிகளுக்குத் தகவல் போனது.

மறுநாள் தொல்லியல் துறையினர் வந்து முறைப்படி தோண்டினார்கள். சுமார் 15,000 நாணயங்கள், தங்க நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள் கிடைத்தன. பொருள்கள் கலையாமல் கிடந்ததால், அவை மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுகூடத் தெரியவந்தது. 17.5 லட்சம் பவுண்டு பரிசுத்தொகையை லாஸ் அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்!

அந்தப் புதையலில் வெள்ளியில் செய்த மிளகுக் குப்பிகளும் இருந்தன. ரோமானியர்களுக்கு மிளகு போனது முசிறி துறைமுகம் இருந்த நம் மேற்குக் கரையிலிருந்துதான்.

மறைத்தவர்களுக்குச் சிறை

2015இல் ஹெரெஃபோர்ட்ஷயரில் இன்னொரு புதையல் கிடைத்தது. வைக்கிங் காலத்தது. கண்டெடுத்த இருவரும் அரசிடம் சொல்லாமல் விற்கப் பார்த்தார்கள். 2019இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கலாம் என்கிறார்கள். மீட்கப்பட்டது சிறு பகுதியே. மன்னர் ஆல்ஃபிரட்டும் மெர்சியா நாட்டு மன்னர் இரண்டாம் சியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததைக் காட்டும் அரிய நாணயங்கள் அவற்றில் இருந்தன. மற்றவை எதைச் சொல்லியிருக்கும் என்பது, அவை கிடைக்கும்வரை தெரியப்போவதில்லை.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டிலும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதும் குற்றம்.

ஸ்கிரீனில் வரும் எண், 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். அது யாருடையது, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கருவியைப் பிடித்திருப்பவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.