சோழ மண்டலத்து நாடும் வளநாடும் வட்டமும்

தமிழ் இலக்கியத்துள் வரும் ஊர்ப்பெயர்களை ஆராய்வார் பலர், அவ்வூர் அமைந்திருந்த நாட்டுப் பெயரைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஊர் இன்றும் உளது, நாடு மறைந்துவிட்டது, ஆதலின் ஊரே போதும் என்பது அவர்தம் எண்ணம் போலும். ஆயின், ஓர் ஊர் எந்நாட்டது என்று அறியாது அதன் வரலாற்றை எழுதப் புகுவோர் இடர்ப்படுதல் ஒருதலை. சோழ மண்டலம் என வழங்கிய காவிரிப் பகுதியின் உட்பிரிவுகள் காலந்தோறும் எவ்வாறு மாறின என்பதும், அம்மாற்றங்களால் ஊரார் தம்மைத் தாமே ஆண்ட முறை என்னவாயிற்று என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

நாடு என்னும் பிரிவு சோழப் பேரரசர் வகுத்ததன்று. அவர்க்கு நெடுங்காலம் முன்னரே அஃது இருந்தது. புறநானூற்றின் 24ஆம் பாட்டில் வேளிரொடு சார்த்திக் கூறப்படும் மிழலையும் முத்தூறும், பிற்காலக் கல்வெட்டுக்களில் மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என வருதல் காணலாம். இவை பாண்டி நாட்டன வெனினும், கூற்றம் என்னும் பிரிவின் பழமைக்குச் சான்றாவன. சோழ நாட்டில் நாடு, கூற்றம் என்னும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவினவாய பிரிவுகளையே குறித்தன. தொண்டை நாட்டிலோ கோட்டம் என்பது நாட்டினும் பெரிய பிரிவு. இவ்வேறுபாட்டை நோக்காது மூன்றனையும் ஒரு பொருட் சொற்களாகக் கொள்வது பிழையாம்.

சுந்தரர் அருளிய திருநாட்டுத்தொகை இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள அரிய சான்று. பதிகள் பலவற்றை அவர் நாட்டுப் பெயரோடு சேர்த்தே பாடுகின்றார். நாங்கூர், நறையூர், மருகல், குறுக்கை முதலியவற்றில் ஊரின் பெயரே நாட்டின் பெயராகவும் இருத்தலை அப்பதிகம் காட்டுகின்றது. மிழலை என்னும் பெயருடைய ஊர் இரண்டு இருந்தமையின், அவற்றை வேறு பிரித்து உணர்த்துவதற்கு நாட்டுப் பெயரையே அவர் கருவியாகக் கொண்டார். இதனால் இரண்டு செய்திகள் பெறப்படும். முதலாம் இராசராசனுக்கு இரு நூற்றாண்டுகட்குக் குறையாத காலத்துக்கு முன்பே இந்நாடுகள் மக்கள் வழக்கில் நிலைபெற்றிருந்தன என்பது ஒன்று. நாட்டின் நடுவண் அமைந்த ஒரு பேரூர் தன் பெயரைச் சுற்றியுள்ள ஊர்த்தொகுதிக்கு அளித்தது என்பது மற்றொன்று. அரசன் பெயரால் அமைந்த நாடு இப்பழைய அடுக்கில் காண்டல் அரிது.

சோழ நாட்டு அரசியல் நிலவியலைக் கல்வெட்டுக்களின் துணைகொண்டு ஆராய்ந்து எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட நூல் இவ்வுண்மையை நன்கு விளக்கிற்று. ஊர்களைப் படத்திற் குறித்து நாடுவாரியாகத் தொகுத்துப் பார்க்குங்கால், நாட்டின் எல்லை ஆற்றின் வழியே செல்லாமை புலப்பட்டது. ஆறோ வாய்க்காலோ நாட்டின் ஊடே ஓடிற்று. அதன் இரு கரையிலும் ஊர்கள் இருந்தன. இஃது இயல்பே. ஒரு நீரைப் பகிர்ந்து உழுதவர் ஒரு நாட்டார் ஆயினர். ஆறு அவர்களைப் பிரித்ததன்று, கூட்டியது. சில ஊர்களே உடைய சிறு நாடும், பல பத்து ஊர்களை உடைய பெரு நாடும் அருகருகே இருந்தமையும் இதனானே விளங்கும். மேலிருந்து ஒருவர் கோலிட்டு வகுத்திருப்பின் இத்துணை ஏற்றத்தாழ்வு நேர்ந்திராது.

வளநாடு என்பதோ இதற்கு நேர்மாறானது. அது முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில், ஏறத்தாழ 1000ஆம் ஆண்டினை ஒட்டித் தோன்றியது. நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்ட காலமும் அதுவே. அளவையும் வகுப்பும் ஒருங்கு நிகழ்ந்தமை தற்செயலாகாது. அளந்த நிலத்தின் வரியைக் கணக்கில் வைத்துத் தண்டுதற்கு நாட்டினும் பெரியதொரு பிரிவு வேண்டப்பட்டது. அருமொழிதேவ வளநாடு, க்ஷத்திரியசிகாமணி வளநாடு, உய்யக்கொண்டார் வளநாடு, இராசேந்திரசிங்க வளநாடு, நித்தவிநோத வளநாடு, பாண்டியகுலாசனி வளநாடு என அவற்றிற்கு இடப்பட்ட பெயர்கள் எல்லாம் அவ்வேந்தனின் இயற்பெயரும் விருதுப்பெயருமே. எல்லை வகுத்த முறையும் புதிது. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்டது எனக் கல்வெட்டே கூறுகின்றது. ஆறு எல்லையாக்கப்பட்டபோது, இரு கரையிலும் பரந்திருந்த பழைய நாடுகள் சில இரண்டு வளநாடுகளிற் பிளவுபட்டன. உழவர்க்கு நடுவாக இருந்த ஆறு, கணக்கர்க்கு வரம்பாயிற்று.

வளநாடுகட்கு மேலாக மண்டலம் அமைந்தது. தொண்டை நாடு சயங்கொண்ட சோழ மண்டலமாகவும், பாண்டி நாடு இராசராசப் பாண்டி மண்டலமாகவும், ஈழம் மும்முடிச்சோழ மண்டலமாகவும், கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலமாகவும் பெயர் மாறின. வென்ற நாட்டிற்கு வென்றவன் பெயர் சூட்டும் வழக்கம் இது. ஆயின் தன் சொந்த நாட்டின் உட்பிரிவுகளுக்கும் அதனையே செய்தமை நோக்கத்தக்கது.

அரசன் பெயரால் அமைந்த பிரிவு அரசனோடு மாறுதல் இயல்பு. முதலாம் குலோத்துங்கன் (1070–1122) 1086இல் மீண்டும் நிலம் அளப்பித்தான். அவன் காலத்தில் க்ஷத்திரியசிகாமணி வளநாடு குலோத்துங்கசோழ வளநாடு ஆயிற்று. இராசேந்திரசிங்க வளநாட்டின் ஒரு பகுதி விருதராசபயங்கர வளநாடு எனப்பட்டது. குறுக்கை நாடு முன்னதிலிருந்து பின்னதற்கு மாறிற்று. ஆயினும் குறுக்கை நாடு குறுக்கை நாடாகவே இருந்தது. தில்லையாகிய பெரும்பற்றப்புலியூர் முதலில் இராசேந்திரசிங்க வளநாட்டுத் தனியூர். பின்னர் இராசாதிராச வளநாட்டுத் தனியூர். ஆண்டு சிதைந்த கல்வெட்டுக்களின் காலத்தை வரையறுக்க இப்பெயர் மாற்றம் பேருதவி புரியும். விருதராசபயங்கர வளநாடு என்னும் தொடர் உள்ள கல்வெட்டு முதலாம் குலோத்துங்கனுக்கு முற்பட்டதாதல் இயலாது. இக்காலத்தும் மாவட்டங்களுக்குத் தலைவர் பெயரைச் சூட்டும் வழக்கம் சில ஆண்டுகள் இருந்து, 1997இல் கைவிடப்பட்டமை ஈண்டு நினைவுக்கு வருகின்றது. 1991இல் தஞ்சையினின்றும் பிரிந்த மாவட்டம் நாகை காயிதே மில்லத் மாவட்டம் எனப் பெயர் பெற்றுப் பின்னர் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே ஆயிற்று. ஊர்ப்பெயரே நிலைத்தது.

இனி, இப்பிரிவுகளில் ஆட்சி நடத்தியவர் யாவர் என்பது. வேளாளர் முதலியோர் வாழ்ந்த ஊர்களில் ஊரும், பிரமதேயங்களில் சபையும், வணிகர் பதிகளில் நகரமும், இவற்றையெல்லாம் தழுவிய நிலையில் நாட்டாரும் கூடிச் செயலாற்றினர். இவற்றுள் சபையைப் பற்றியே நாம் மிகுதியாகப் பேசுகின்றோம். முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (919, 921) பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களே இதற்குக் காரணம். அவ்வூர் சோழ மண்டலத்ததன்று. தொண்டை நாட்டுக் காலியூர்க் கோட்டத்தது. முப்பது குடும்புகளிலும் குடவோலை வழியாக ஆட்களைத் தேர்ந்து, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றை அமைத்தனர். கணக்குக் காட்டாதவனையும் அவன் சுற்றத்தாரையும் விலக்கினர். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவனை மீண்டும் கொள்ளவில்லை. இவை வியக்கத்தக்க விதிகள் என்பதில் ஐயமில்லை.

ஆனால், இதனைக் கொண்டு பண்டைத் தமிழகத்தில் எல்லா மக்களும் வாக்களித்தனர் என்று மேடைகளிலும் பாடநூல்களிலும் கூறுவது கல்வெட்டின் சொல்லுக்கு முரணாகும். பெயர் எழுதப்படுவோன் கால்வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலம் உடையவனாதல் வேண்டும். தன் மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவையினனாதல் வேண்டும். மந்திர பிராமணம் அறிந்தவனாதல் வேண்டும். அரைக்கால் வேலியே உடையானாயின் ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவனாதல் வேண்டும். பிரமதேயத்து நிலக்கிழார்க்குள் நிகழ்ந்த தேர்வு இது. பெண்டிர்க்கும், உழுகுடிகட்கும், ஊர்ப்புறத்துச் சேரிகளில் இருந்தார்க்கும் இதில் இடமில்லை. உள்ளதை உள்ளவாறு கூறுதலால் அக்கல்வெட்டின் பெருமை குன்றாது. கூறாவிடின் நம் ஆராய்ச்சியின் பெருமை குன்றும்.

நாட்டாரைப் பற்றி அறிஞரிடை நெடிய வழக்கு உண்டு. கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் வலிய நடுவணரசின்கீழ் ஊராட்சி தழைத்தது என்றார். நாடே தன்னளவில் நிறைந்த அரசியல் உறுப்பு, வேந்தன் மேலாண்மை பெரும்பாலும் சடங்களவினது என்று பர்ட்டன் ஸ்டைன் 1980இல் எழுதினார். நாடு உழவரால் தோன்றியது என்ற அளவில் பின்னவர் கூற்று பொருந்தும். ஆயின் நாடு வகை செய்வார், நாடு கண்காணி செய்வார் என்னும் அரசு அலுவலரையும், புரவுவரித் திணைக்களத்தின் பல்வகைக் கணக்கரையும் கல்வெட்டுக்கள் காட்டுகின்றனவே; இவர்களைச் சடங்கு என்று ஒதுக்குதல் எங்ஙனம் அமையும்? உழவர் கட்டிய வீட்டில் அரசன் தன் கணக்கனைக் குடியேற்றினான் என்பதே சான்றுகட்கு இயைவதாகத் தோன்றுகின்றது.

சோழர்க்குப்பின் வந்த விசயநகர ஆட்சியில் வளநாட்டுப் பெயர்கள் ஆவணங்களில் மெல்ல வெறும் மரபுத் தொடர்களாயின. உசாவடி, சீர்மை என்னும் புதிய பெயர்கள் தலையெடுத்தன. சபைகள் பல மறைந்தன. எனினும் கூடி முடிவுசெய்யும் வழக்கம் அற்றுப்போகவில்லை. 1429இல் மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள கொறுக்கைக் கோயிலில் வலங்கை இடங்கை மக்கள் பொறித்த கல்வெட்டு இதனை உணர்த்தும். அரசு அலுவலரும் நிலக் காணியாளரும் சேர்ந்து தம்மை வரியால் நலிவதை எடுத்துரைத்து, இன்ன பயிருக்கு இவ்வளவே இறுப்போம் என அவர்களே வரையறுத்தனர். நிலக்கிழார் அவையான சபை ஓய்ந்த பின்னரே, அதனுள் இடம்பெறாதவர் குரல் கல்லில் ஏறியது என்பது சிந்திக்கத்தக்கது.

தஞ்சை நாயக்கர் ஆட்சி 1673இல் முடிந்து சில ஆண்டுகளில் மராட்டியர் ஆட்சி தொடங்கியது. அவர்கள் நாட்டைப் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கும்பகோணம், மாயவரம், திருவையாறு என ஐந்து சுபாக்களாக வகுத்தனர். இப்பெயர்கள் அனைத்தும் ஊர்ப்பெயர்கள். பின்வந்த வட்டங்கள் பலவற்றிற்கு இவையே அடிப்படை. சரபோசியுடன் 1799இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் தஞ்சை கும்பினியார் கைப்பட்டது. கலெக்டர், தாசில்தார், கர்ணம், முன்சீப் என்னும் அடுக்கு உருவாயிற்று. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சீகாழி, நன்னிலம், நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை என ஒன்பது வட்டங்கள் அமைந்தன. கொள்ளிடம் வடவெல்லையாக, அதன் வடகரையில் இருந்த சிதம்பரம் தென்னார்க்காடு மாவட்டத்தில் சேர்ந்தது. ஆற்றை வரம்பாக்கும் இராசராசன் கொள்கையே மீண்டும் வென்றது எனலாம். காரைக்காலோ பிரெஞ்சுக்காரரிடமே இருந்து, 1954இல் இந்திய ஆட்சியின்கீழ் வந்து, இன்று புதுச்சேரியைச் சார்ந்த மாவட்டமாக உள்ளது. சுற்றிலும் பழைய தஞ்சை மண்ணே.

ஊராட்சியைப் பொறுத்தவரை ஆங்கிலேயர் மேலிருந்து தொடங்கினர். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1866இல் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம், மன்னார்குடி ஆகியன நகராட்சிகள் ஆயின. 1884ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்றடுக்கு அமைத்தது. தஞ்சை மாவட்ட போர்டு மக்களிடம் தனிவரி தண்டி மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு இருப்புப்பாதை போட்டது. 1894இல் அப்பாதை திறக்கப்பட்டது. உள்ளாட்சி மன்றமொன்று இருப்புப்பாதைக்கு உரிமை பூண்டமை பெரிதும் எடுத்துரைக்கத்தக்கது. தாலுகா போர்டுகள் 1934இல் நீங்கின. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊராட்சி ஒன்றியம் தோன்றியது; மாவட்ட போர்டு மறைந்தது. கர்ணம், முன்சீப் என்னும் பரம்பரைப் பதவிகள் 1980இல் ஒழிந்தன. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, 1994இல் புதிய ஊராட்சிச் சட்டம் இயற்றப்பட்டபின், பெண்டிர்க்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் இடம் ஒதுக்கப்பட்டது. உத்தரமேரூர் விலக்கியவர்களை இச்சட்டம் பெயர் சொல்லி அழைத்தது. ஆயின் ஒன்றியத்தின் எல்லை வளர்ச்சித் திட்டத்திற்கென வகுக்கப்பட்டது; வாய்க்காலை நோக்கி வகுக்கப்பட்டதன்று. ஒரே மதகின் நீரைப் பெறும் இரண்டு ஊர் இரண்டு ஒன்றியத்தில் இருத்தல் டெல்டாவில் புதுமையன்று.

பழைய தஞ்சை மாவட்டத்தினின்றும் 1974இல் சில பகுதிகள் புதுக்கோட்டைக்குச் சென்றன. 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. சிதம்பரம் 1993 முதல் கடலூர் மாவட்டத்தது. இதனால் ஆராய்ச்சியாளர்க்கு ஓர் இடர் உளது. கல்வெட்டுத் தொகுதிகள் ஊர்களை அவை பதிப்பிக்கப்பட்ட காலத்து வட்டம், மாவட்டம் ஆகியவற்றின்கீழ் அடைவு செய்தன. மாயவரம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம் என அங்குக் குறிக்கப்பட்ட ஊரை இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் தேடவேண்டும். அதன் பக்கத்து ஊர் திருவாரூர் மாவட்டத்திலோ காரைக்காலிலோ இருக்கக்கூடும். ஆதலின் புதிய அடைவு ஒன்று செய்யப்படுமாயின், மாவட்டத்தை விடுத்து, கல்வெட்டிலுள்ள நாட்டுப் பெயரையே தலைப்பாகக் கொண்டு, ஊரை அதன்கீழ் நிறுத்தி, வளநாட்டுப் பெயர் மாற்றங்களையும் இன்றைய வட்டத்தையும் அருகில் குறித்தல் நலம். குறுக்கை நாடு, மருகல் நாடு, நாங்கூர் நாடு ஆகிய மூன்றனையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். இவற்றிற்குப் பதிகச் சான்றும் கல்வெட்டுச் சான்றும் ஒருங்கே உள்ளன.