கணித மேதைமையும் மனப்பிறழ்வும்: ஒரு மறுநோக்கு

மேதைமைக்கும் பித்துக்கும் இடையேயுள்ள எல்லை மிக மெல்லியது என்னும் கருத்து நீண்ட வரலாறு உடையது. அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் நூலொன்றில், மெய்யியலிலும் அரசியலிலும் கவிதையிலும் கலைகளிலும் தலைசிறந்தோர் துயர்மன இயல்பினராகக் காணப்படுவது ஏன் என்ற வினா எழுப்பப்படுகின்றது. இத்தாலிய மருத்துவரான சேசாரே லொம்புரோசோ 1864 இல் வெளியிட்டுப் பின்னர் விரித்தெழுதிய நூலில், மேதைமையை ஒருவகை நோய்க்கூறாகவே விளக்க முற்பட்டார். இன்று அக்கருத்து கவிஞர்களைவிடக் கணிதவியலாளர்மீதே பெரிதும் சுமத்தப்படுகின்றது. ஜோன் நாஷின் வாழ்வைத் தழுவி 2001 இல் வெளிவந்த திரைப்படம் இதனை உலகெங்கும் பரப்பியது.

இக்கருத்தை ஆராயப் புகுவோர் முதலில் ஒரு வேறுபாட்டினை மனங்கொள்ளல் வேண்டும். உளநோய் ஒன்று, வழக்கத்துக்கு மாறான நடத்தை வேறொன்று, வழக்கத்துக்கு மீறிய சிந்தனைத் திறன் பிறிதொன்று. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே மேற்கூறிய நம்பிக்கை வலுப்பெறுகின்றது.

நோயும் ஆக்கமும்

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவர் ஜோர்ஜ் கன்ரர் (1845–1918). ஜேர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய இவர், இயற்கை எண்களோடு மெய்யெண்களை ஒன்றுக்கு ஒன்றாக இணைக்க முடியாது என்பதை 1874 இல் நிறுவினார். முடிவிலிகள் யாவும் சம அளவினவல்ல என்பது இதனால் வெளிப்பட்டது. பேர்லினில் செல்வாக்குப் பெற்றிருந்த குரோனெக்கர் இவ்வாய்வுகளைக் கடுமையாக எதிர்த்தார். 1884 இல் கன்ரர் முதன்முறையாகக் கடும் உளச்சோர்வுக்கு ஆளானார். இறுதியில் ஹாலேயிலுள்ள உளநோய் மருத்துவமனையிலேயே உயிர்நீத்தார்.

முடிவிலியைச் சிந்தித்ததனாலேயே அவர் பித்தரானார் என்று கூறுவாருளர். கால ஒழுங்கு இக்கூற்றுக்கு ஆதரவாக இல்லை. தொடைக் கோட்பாட்டின் அடிப்படைகள் 1884 இற்கு முன்னரே இடப்பட்டுவிட்டன. 1891 இலும் 1895–97 இலும் வெளிவந்த முக்கிய கட்டுரைகள் நோய் தணிந்திருந்த காலத்துக்குரியவை. நோய் வாட்டிய வேளையிலோ அவர் கணிதத்தைக் கைவிட்டு மெய்யியல் கற்பிக்க அனுமதி கோரினார். அவரை அலைக்கழித்த தொடர்மக் கருதுகோளை நிறுவவோ மறுக்கவோ அவரால் முடியவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட வெளிப்படையுண்மைகளைக் கொண்டு அதனை மறுக்க இயலாதென 1940 இல் கோடெலும், நிறுவ இயலாதென 1963 இல் கோஹனும் காட்டினர். ஆகவே அவரது தோல்வி மனத்தின் தளர்ச்சியன்று, வினாவின் இயல்பு. மறுபுறம், குரோனெக்கரின் எதிர்ப்பே நோயை உண்டாக்கிற்று என்பதும் மிகைக்கூற்றேயாகும். மீண்டும் மீண்டும் வந்து தணியும் நோயின் போக்கு வெறும் புறக்காரணங்களால் விளக்கப்படத்தக்கதன்று.

கோடெலின் முடிவு இன்னும் துயரமானது. உணவில் நஞ்சு கலந்திருக்குமென அஞ்சி உண்ண மறுத்த அவர், 1978 இல் பிரின்ஸ்ரனில் ஊட்டமின்றி இறந்தார். அவரது புகழ்பெற்ற தேற்றங்கள் 1931 இற்குரியவை.

ஜோன் நாஷ் 1950 இல், 28 பக்க அளவிலான தமது கலாநிதிப்பட்ட ஆய்வேட்டில் ஆட்டக் கோட்பாட்டின் சமநிலையை வரையறுத்தார். 1959 இல் மனச்சிதைவு நோய்க்காக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். நோய் தணிந்த இடைவேளைகளில் சில ஆய்வுகள் செய்தாரெனினும், ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் வீணாயின. 1994 இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு, நோய்க்கு முந்திய ஆய்வுக்கே உரியது.

எனினும் எதிர்த்தரப்புச் சான்றொன்றையும் புறக்கணித்தலாகாது. வேற்றுலகத்தார் பற்றிய எண்ணங்களும் கணித எண்ணங்களும் தம்மிடம் ஒரே விதமாகவே வந்தன என்று நாஷ் கூறியதாக அவரது வாழ்க்கை வரலாறு தெரிவிக்கின்றது. இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓர் எண்ணம் எவ்வாறு தோன்றிற்று என்பதன்று, எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதே அதனைக் கணிதமாக்குகின்றது. சமநிலைத் தேற்றத்துக்கு நிறுவல் உண்டு. எவரும் அதனைப் படிப்படியாகச் சரிபார்க்கலாம். வேற்றுலகத்தார் பற்றிய நம்பிக்கைக்கு அத்தகைய சோதனை இல்லை. நோய் பறித்தது கற்பனையை அன்று. கற்பனையைச் சீர்தூக்கும் ஆற்றலையே.

இராமானுஜன்: புதிரும் விளக்கமும்

உளநோயின்றியே 'விந்தை மனம்' எனப் போற்றப்படுபவர் சீனிவாச இராமானுஜன் (1887–1920). நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களை அருளினார் என அவர் கூறியமையும், நிறுவல்களின்றி முடிவுகளை மட்டும் எழுதிவைத்தமையும் அவரைப் பகுத்தறிவுக்கு அப்பாற்பட்டவராகக் காட்டப் பயன்படுத்தப்படுகின்றன. நம்பிக்கை அவருடையது, அதன் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் அவரது எழுத்துமுறைக்கு எளிய உலகியற் காரணங்கள் உள. அவர் இளமையிற் கற்ற காரின் தொகுப்பு நூல், ஏறத்தாழ 5,000 முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவலின்றி அடுக்கித் தருவது. கணிதம் எழுதப்படவேண்டிய முறை அதுவேயென அவர் கொண்டதில் வியப்பில்லை. மேலும், கடதாசி விலையுயர்ந்தது. சிலேட்டில் கணித்து, முழங்கையால் அழித்து, முடிவினை மட்டும் குறிப்பேட்டிற் பதிந்தார். வறுமை அழித்த படிகளை, பின்வந்தோர் தெய்விகம் என்றனர்.

அவருடன் நெருங்கிப் பணிபுரிந்த ஹார்டி இம்மாயத்தை ஏற்கவில்லை. கணிதவியலாளர் யாவரும் அடிப்படையில் ஒரே விதமாகவே சிந்திக்கின்றனர். இராமானுஜனும் அதற்கு விலக்கல்லர் என்பதே அவரது துணிபு.

இராமானுஜனது வாழ்வில் விளக்கம் வேண்டி நிற்பது வேறொன்று. ஏனைய பாடங்களிற் சித்தியெய்தாமையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசிலை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பட்டப்படிப்புக்குரிய தகுதியைப் பெறவில்லை. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா ஊதியம் பெறும் எழுதுவினைஞரானார். 1913 இல் ஹார்டிக்கு எழுதிய கடிதமே அவரை உலகறியச் செய்தது. 'விந்தை மனம்' என்னும் விளக்கம், குடியேற்ற ஆட்சியின் பரீட்சை முறை ஒரு மேதையை இருமுறை வெளியேற்றியது என்ற உண்மையை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

ஆய்வுகள் கூறுவன

தனி வாழ்வுகளைத் தெரிந்தெடுத்து நிறுவும் முறைக்குக் குறைபாடு உண்டு. பதின்மூன்று பிள்ளைகளின் தந்தையாய், பார்வையிழந்த பின்னரும் அமைதியாக உழைத்த ஒய்லரின் (1707–1783) வாழ்வு திரைப்படத்துக்கு உகந்ததன்று. எனவே அது நினைவில் நிற்பதில்லை.

1921 இல் கலிபோர்ணியாவில் ரேர்மன் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, உயர் நுண்மதி வாய்ந்த ஏறத்தாழ 1,500 சிறாரைப் பின்தொடர்ந்தது. அவர்களது உளநலம் ஏனையோரிலும் தாழ்ந்ததன்று எனக் கண்டது. சுவீடனில் ஏறத்தாழ 12 இலட்சம் நோயாளரின் பதிவுகளைக் கொண்டு 2013 இல் வெளியான ஆய்வு, ஆக்கத் தொழில் புரிவோரிடையே பொதுவாக உளநோய் மிகுதியாக இல்லையெனக் காட்டிற்று. இருமுனை உளநோய் இதற்கு விலக்கு. எழுத்தாளர் நிலையும் வேறுபட்டது.

முற்றாக மறுக்கவியலாத தொடர்பொன்றும் உண்டு. 2001 இல் கேம்பிறிட்ஜில் பரன்-கோஹன் குழுவினர் 50 வினாக்கள் கொண்ட வினாக்கொத்தினால் ஓட்டிசம் சார்ந்த இயல்புகளை அளந்தனர். கணித மாணவரும் கணித ஒலிம்பியாட் வெற்றியாளரும் சராசரியிலும் கூடிய புள்ளிகளைப் பெற்றனர். ஒழுங்கமைப்புகளில் ஈடுபாடு, நுணுக்கத்தில் கவனம் ஆகிய இயல்புகள் கணிதத்துக்கு உதவுவன என்பதை இது உணர்த்துகின்றது. ஆயின் அளக்கப்பட்டது நோயன்று. எல்லா மனிதரிடமும் கூடியும் குறைந்தும் காணப்படும் இயல்பே.

2016 இல் அமல்ரிக், டெஹேன் ஆகியோர் பிரான்சில் 15 கணிதவியலாளரையும், நிகரான கல்வித் தகைமையுடைய ஏனைய 15 பேரையும் மூளைப் படிமங்கள் மூலம் ஒப்பிட்டனர். உயர்கணிதக் கூற்றுகளைச் சிந்திக்கையில் கணிதவியலாளரிடம் தொழிற்பட்ட பகுதிகள், சாதாரண மனிதர் எண்களைக் கையாளுகையில் தொழிற்படும் பகுதிகளோடு பெரிதும் ஒன்றின. மேதையின் மனம் வேறொரு பொருளாற் செய்யப்பட்டதன்று. பொதுவான ஆற்றலொன்று நீண்ட பயிற்சியால் விரிந்ததெனலே பொருந்தும்.

முடிவாக

கணித மேதையிடம் அசாதாரணமானது எதுவுமில்லை என்பது நமது வாதமன்று. ஒரே வினாவை ஆண்டுக்கணக்கில் மனத்திற் சுமக்கும் விடாப்பிடி அசாதாரணமானதே. ஆனால் அதனைப் பித்தெனப் பெயரிடுவது பயனற்றது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும். நோயுற்றவர் சிகிச்சை பெற்றால் மேதைமை குன்றுமென அஞ்ச வைக்கின்றது. கணிதம் விந்தை மனிதருக்கே உரியதென நம்பும் மாணவன், முதல் தோல்வியிலேயே விலகுகின்றான். மேதை எவ்வாறாயினும் வெளிப்படுவான் என்னும் நம்பிக்கை, பாடசாலைகளின் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவும் துணைபோகின்றது. ஹார்டியின் மறுமொழி வராத இராமானுஜன்கள் எத்தனை பேர் என்பதே, மேதையின் மனநிலை பற்றிய வினாவிலும் முதன்மையாகக் கேட்கப்படவேண்டிய வினா.