ஒரு சோறு பதம். ஒரு வயல் பதமாகுமா?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. பானையெங்கும் ஒரே கொதிநீர். ஆகவே ஒரு பருக்கை போதும். ஆனால், ஒரு வட்டாரத்தின் நெல் விளைச்சலை ஒரே வயலைக் கொண்டு சொல்ல முடியுமா? தலைமடையில் ஒரு விளைச்சல், கடைமடையில் வேறொன்று அல்லவா? எல்லா வயல்களையும் அறுத்து நிறுப்பதும் இயலாது.

இதற்கு வழிகண்டவர்களுள் முதன்மையானவர் பி. சி. மகலனோபிஸ். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். 1937 முதல் வங்காளத்துச் சணல் பயிரை மாதிரி முறையில் மதிப்பிட்டார்.

நெல்லுக்கு எப்படிச் செய்கிறார்கள்? கிராமம், அதில் ஒரு வயல், வயலுக்குள் ஓர் இடம் ஆகிய மூன்றையும் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு எண்களே முடிவு செய்யும். 'செழிப்பான வயல்', 'சாலையோர வயல்' என்று மனிதர் தேர்ந்தெடுத்தல் கூடாது. பிறகு முளையடித்துக் கயிறு கட்டி, பல மாநிலங்களில் 5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தை அறுத்து, நெல்லை நிறுக்கிறார்கள். 12 கிலோ கிடைத்தால், ஹெக்டேருக்கு அதைப்போல் 400 மடங்கு, அதாவது 4,800 கிலோ. ஈரப்பதத்துக்கு உரியதைக் கழிக்க வேண்டும்.

சதுரம் ஏன் அவ்வளவு பெரிது? கயிற்றின்மேல் நிற்கும் பயிர் உள்ளே சேர்ந்ததா, வெளியே சேர்ந்ததா? அறுப்பவர் நாற்புறமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக அறுத்துவிட்டதாகக் கொள்வோம். 1 மீட்டர் சதுரம் 1.1 மீட்டராகும், பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். 5 மீட்டர் சதுரத்திலோ சுமார் 4 சதவீதமே கூடும். சிறு துண்டுகள் விளைச்சலை மிகையாகக் காட்டும் என்பதை பி. வி. சுகாத்மே 1940-களில் எடுத்துக்காட்டினார்.

மாதிரிகளை நான்கு மடங்காக்கினால் தற்செயல் பிழை பாதியாகும். ஆனால் இந்த ஓரப்பிழை ஆயிரம் மாதிரி எடுத்தாலும் குறையாது. திருகு அளவியின் சுழிப்பிழை போன்றது அது.

இதனால் என்ன நஷ்டம்? 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வட்டாரச் சராசரி ஒரு வரம்புக்குக் கீழே போனால் இழப்பீடு உண்டு. வரம்பு 3,000 கிலோ, உண்மை விளைச்சல் 2,600 கிலோ என்க. 21 சதவீத மிகை அதை 3,146 ஆக்கிவிடும். பயிர் பொய்த்த உழவருக்கு ஒரு காசும் கிடைக்காது!

மாணவர்களே, பள்ளித் திடலில் 10 சென்டிமீட்டர், 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டங்களை வைத்துப் புற்களை எண்ணிப் பாருங்கள். முதலில் சட்டத்தைத் தொடுவனவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். பிறகு வேர் உள்ளே இருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். எந்தச் சட்டத்தில் வேறுபாடு மிகுதி?