அடுக்களையில் பிறந்த ஐங்கோணங்கள்

வீட்டுத் தரையில் பதித்திருக்கும் டைல்ஸை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் சதுரம்தான் இருக்கும். நடைபாதைகளில் சில இடங்களில் அறுகோணக் கற்களைப் பார்க்கலாம். ஆனால் பக்கங்களும் கோணங்களும் சமமான ஐங்கோணக் கற்களை மட்டுமே கொண்டு பாவிய தரையைப் பார்க்கவே முடியாது. ஏன்?

காரணம் எளியது. கற்களின் மூலைகள் கூடுகிற இடத்தில் கோணங்கள் மொத்தம் 360 பாகை வர வேண்டும். சதுரத்தின் மூலை 90 பாகை; நான்கு சேர்ந்தால் சரியாகிவிடும். அறுகோணத்துக்கு 120, மூன்று போதும். சமபக்க முக்கோணத்துக்கு 60; ஆறு வேண்டும். ஐங்கோணத்துக்கோ 108! மூன்றை வைத்தால் 324 தான் வரும், 36 பாகை சந்து விழும். நான்காவதற்கு இடம் போதாது.

கோலம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். நேர்ப்புள்ளி வைத்தால் சதுரக் கட்டம் அமையும். ஊடுபுள்ளி வைத்தால் ஒவ்வொரு புள்ளியையும் ஆறு புள்ளிகள் சூழ்ந்து நிற்கும், அதுதான் அறுகோணம்.

அப்படியானால் ஐங்கோணத்துக்கு வழியே இல்லையா? உண்டு. எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் போதும். குழந்தைகள் வரைகிற கூரை வீட்டுப் படமும் ஐங்கோணம்தானே? அதே அளவில் பல வீடுகளை அட்டையில் வெட்டி வரிசையாக ஒட்டி வையுங்கள். கூரைகளுக்கு நடுவே வருகிற பள்ளங்களில் தலைகீழ் வீடுகள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி இடைவெளியில்லாமல் பொருந்துகிற, உள்மடிப்பில்லாத ஐங்கோணங்கள் எத்தனை வகை? 1918-இல் ஜெர்மானியர் கார்ல் ரைன்ஹார்ட் ஐந்து வகைகளைக் கண்டார். 1968-இல் ரிச்சர்ட் கெர்ஷ்னர் மூன்றைச் சேர்த்து, 'எட்டோடு முடிந்தது' என்றார். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் இதைப் பற்றி 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார். உடனே ஒரு வாசகர் ஒன்பதாவதைக் கண்டுபிடித்து அனுப்பினார்!

அந்த இதழ் அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்து இல்லத்தரசி மார்ஜோரி ரைஸ் கையிலும் கிடைத்தது. பிள்ளைகளை வளர்த்து வந்த அவருடைய கணிதப் படிப்பு பள்ளியோடு சரி. சூத்திரம் தெரியாததால் தமக்கென்று ஒரு குறியீட்டு முறையையே உருவாக்கிக்கொண்டார். சமையலறை மேடையில் படம் போடுவார். யாராவது வந்தால் சட்டென்று மூடி மறைத்துவிடுவார். 1977-க்குள் நான்கு புதிய வகைகள் அவருக்குக் கிடைத்தன. கணிதப் பேராசிரியை டோரிஸ் ஷாட்ஷ்னைடர் சரிபார்த்து அவற்றை உலகறியச் செய்தார். அவர் கண்ட அமைப்புகளில் ஒன்று 1999-இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கணிதச் சங்கக் கட்டடத்தின் தரையிலேயே பதிக்கப்பட்டது.

1985-இலும் 2015-இலும் ஒவ்வொரு வகை கிடைக்க, எண்ணிக்கை 15 ஆயிற்று. இதற்குமேல் இல்லை என்று 2017-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் மிக்காயேல் ராவ் கணினி உதவியோடு நிறுவினார். அதே ஆண்டில் ரைஸ் 94-ஆவது வயதில் காலமானார்.

'நமக்கெல்லாம் கணக்கு எங்கே வரும்?' என்று சொல்கிற அம்மாக்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஊரைவிட்டு வந்தபோது பெட்டியில் வைத்து எடுத்துவந்த கோல நோட்டு பரணில் கிடந்தால், இறக்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எத்தனை வரிசை, எந்தப் புள்ளி, கோடு ஏன் இங்கே திரும்புகிறது என்று பாட்டியிடமே கேட்கட்டும். பதில் சொல்கிறபோது பாட்டிக்கும் தெரியும், தமக்கும் கணக்கு வரும் என்று.