அண்ணன் தூங்கினால்தான் தம்பிக்கு ஆட்டம்!

"அம்மா... அண்ணன் விடவே மாட்டேங்கிறான்! என் முறை எப்பவோ வந்துடுச்சு!"

வீட்டில் கம்ப்யூட்டர் கேம்ஸும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால், இந்தக் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'சின்னப் பசங்க சண்டை, தானா அடங்கிடும்' என்று விட்டுவிடுகிறோம். ராத்திரி பத்து மணிக்கு அடங்கியும் விடுகிறது. சிக்கலே அங்கேதான்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் காலேஜ், தம்பி ஒன்பதாம் வகுப்பு. அண்ணனிடம் லேப்டாப், தம்பிக்குப் பழைய கம்ப்யூட்டர். கேம்ஸ் எல்லாம் அண்ணன் பெயரில் வாங்கியவை. அவன் பாஸ்வேர்டைத் தம்பிக்கும் கொடுத்திருக்கிறான். ஆனால் இவன் நுழைந்தால் அவன் ஆட்டம் கெடும். ஆகவே அண்ணன் படுத்த பிறகுதான் தம்பி ஆரம்பிக்கிறான். காலையில் எழுப்ப முடியவில்லை, வகுப்பில் கொட்டாவி, சாயங்காலம் 'தலை வலிக்குதும்மா!'

நீங்கள் கண் டாக்டரிடம் ஓடுகிறீர்கள். காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று முதலில் பாருங்கள். 13 முதல் 18 வயதுவரை தினம் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, என்னதான் பண்றது? இன்னொரு முறை காசு போட்டு அதே கேம்ஸை வாங்க வேண்டாம். கம்ப்யூட்டர் கேம்ஸ் விற்கும் 'ஸ்டீம்' கடையில் முன்பும் பகிரும் வசதி இருந்தது. ஆனால் உரியவர் ஏதாவது ஒன்றை ஆடினாலும் மொத்த அலமாரிக்கும் பூட்டு! 2024 செப்டம்பரில் முழுமையாக வந்த 'ஸ்டீம் ஃபேமிலிஸ்' அதை மாற்றியது. ஒரே வீட்டில் வசிக்கும் 6 பேர்வரை சேரலாம். அண்ணன் ஒரு கேம் ஆடும்போதே தம்பி அவனுடைய இன்னொரு கேமை ஆடலாம். ஒரே கேமை இருவரும் ஒரே நேரத்தில் ஆடத்தான் இரண்டு பிரதி வேண்டும். (கோர்வைப் புடவைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நாடா போடுகிற ஊருக்கு இது புதுசா என்ன!)

அவரவர் எதுவரை ஆடினார்களோ அது தனித்தனியாகவே பதிவாகும். 'என் ஆட்டத்தை அழிச்சுட்டான்' என்ற அழுகை பாதி குறையும்.

பெற்றோருக்கு முக்கியமான பகுதி இனிமேல்தான். தம்பியைக் 'குழந்தை' என்று பதிவு செய்தால், எந்தெந்த கேம் அவன் கண்ணில் படலாம், எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் என்பதை நீங்களே வைக்கலாம். காலேஜ் பையனின் அலமாரியில் ஜி.டி.ஏ. 5 இருக்கலாம். ஐரோப்பாவில் அதற்கு 18 வயது முத்திரை!

அண்ணன் பக்கமும் நியாயம் உண்டு. தம்பி திருட்டுத்தனமாக ஏமாற்றி ஆடித் தடை வாங்கினால், அந்த கேமில் சொந்தக்காரனான அண்ணனுக்கும் தடை விழும். இதைத் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காக அத்திவரதர் மாதிரி நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்பேன் என்று அண்ணன் பூட்டி வைப்பதும் சரியில்லை!

இருவருக்கும் பிடித்த ஒரே கேம் என்றால், சாயங்கால முறை சின்னவனுக்கு, அடுத்தது பெரியவனுக்கு. மாற்றி வைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் நிறுத்தவே முடியாமல், சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாம் பின்னுக்குப் போய், அது மாதக்கணக்கில் நீடித்தால்? உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014-ல் தனிப் பிரிவு தொடங்கினார்கள்.

இன்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், சின்னவன் அறைக் கதவுக்கு அடியில் நீல வெளிச்சம் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்களேன்.